திருப்தியா, ரொம்பத் திருப்தியா?

அண்ணன் மகன் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி வந்தான். இரண்டு தோசை உள்ளே போனதும் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தான்.

"அத்தை, நாளைக்கு சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு என்கூட வரணும். தனியா போய் தாளை நீட்டினா லோன் விக்க வந்தவன்னு நெனச்சு ஓடிடறாங்க."

சிவில் இன்ஜினியரிங் படிக்கிறான், கடைசி வருடம். புராஜெக்டுக்கு எடுத்த தலைப்பு நடுத்தர நகரங்களில் டவுன் பஸ் பயணிகளின் திருப்தி. தாளில் பதினெட்டுக் கேள்விகள். கடைசியைத் தவிர ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம்: மிகவும் திருப்தி, திருப்தி, பரவாயில்லை, திருப்தி இல்லை, கொஞ்சமும் திருப்தி இல்லை. சிநேகிதர்களோடு பிரித்துக்கொண்டு திருச்சியில் பல இடங்களில் வாங்குகிறார்களாம். இவன் பங்குக்குச் சத்திரம் வந்திருக்கிறது.

என்னைக் கூப்பிட்டதில் நியாயம் இருக்கிறது. பத்தொன்பது வருடமாகத் திருவானைக்கோயிலிலிருந்து மெயின்கார்டு கேட்டுக்கு பஸ்ஸில் போய் வருகிறேன். பெரிய கடை வீதியில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிற வேலை. தூரம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. மாம்பழச்சாலை, காவிரிப் பாலம், சத்திரம், அடுத்தது நான் இறங்குகிற இடம். வண்டி கிளம்பிவிட்டால் கால் மணி, இருபது நிமிடம். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்ததெல்லாம் அது கிளம்புவதற்கு முன்னால் நடப்பதைப் பற்றித்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குச் சத்திரத்தில் நின்றோம். 2021 கடைசியில் புதிதாகக் கட்டித் திறந்த பஸ் ஸ்டாண்டு. பழையதைப் பார்த்தவர்களுக்கு இது மாளிகை. முதலில் அகப்பட்டவர் ஒரு பூக்கார அம்மா. காலிக்கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பையன் கேள்வியைப் படிக்கப் படிக்க அவர் சொன்னது ஒரே பதில்தான்.

"திருப்தின்னு போட்டுக்கப்பா."

பஸ்ஸின் சுத்தம்? திருப்தி. கண்டக்டர் பேசும் முறை? திருப்தி. உட்கார இடம்? "அதுவும் திருப்திதான்." இவன் சந்தோஷமாக டிக் அடித்துக்கொண்டே போனான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "எவ்வளவு நேரமா இருக்கீங்கம்மா?" என்றேன்.

"அரை மணி இருக்கும்."

"அரை மணி நேரம் நிக்கறது திருப்தியா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வந்துரும்ல?"

நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்துக்குள்ளேயே அவர் ஊர்ப் பக்கம் போகிற மூன்று பிரைவேட் பஸ்கள் கிளம்பிப் போயின. அவர் எதிலும் ஏறவில்லை. வெள்ளை போர்டுக்காக உட்கார்ந்திருந்தார். "காசு குடுத்தா இப்பவே போலாம். அந்தக் காசுக்கு நூல்கண்டு வாங்கிருவேன்ல?"

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் அரசு டவுன் பஸ்களில் வெள்ளை போர்டு போட்ட சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. இப்போது விடியல் பயணம் என்று பெயர். திருச்சி மாதிரி ஊரில் ஒரு சிக்கல், இங்கே டவுன் பஸ்களில் தனியார் வண்டிகள் ஏராளம். அவற்றில் பெண்களும் காசு கொடுத்துத்தான் போக வேண்டும். ஆக ஸ்டாப்பில் நிற்கும் ஒவ்வொரு பெண்ணும் வண்டி வரும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு கணக்குப் போடுகிறாள். வருவது எது, எனக்கு எவ்வளவு அவசரம், பர்ஸில் என்ன இருக்கிறது. ஆண்களுக்கு இந்தக் கணக்கு இல்லை, எது வந்தாலும் ஏறிவிடுவார்கள். ஒரே ஸ்டாப், ஒரே நேரம், ஆனால் அவர்களுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ், எங்களுக்கு அரை மணிக்கு ஒன்று. "பஸ் அடிக்கடி வருகிறதா?" என்று தாளில் ஒரே கேள்வியாக இருந்தது. அதைப் பார்த்ததும், இதைத் தயாரித்தவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று புரிந்துவிட்டது.

இலவசத்தைக் குறை சொல்லவில்லை. மாநிலத் திட்டக் குழு விசாரித்துப் பார்த்ததில் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று வந்தது. எங்கள் கடையில் பாத்திரம் துடைத்து அடுக்குகிற பெண்ணுக்கு அந்தத் தொகை என்ன என்று எனக்குத் தெரியும். சம்பளப் பட்டியல் எழுதுவதே நான்தானே. அவள் அதில் சீட்டுக் கட்டுகிறாள். ஆனால் இலவசம் வந்த பிறகு இன்னொன்றும் வந்திருக்கிறது, அதை அன்றைக்குத்தான் கண்கூடாகப் பார்த்தேன். நான்கைந்து பெண்கள் தாளைப் பார்த்ததும் ஒரே மாதிரி சிரித்தார்கள். "ஓசில போறோம், இதுல என்னத்த குறை சொல்றது?" காசு கொடுத்தால்தான் வாய் திறக்கலாம் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். உப்பு வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிறோம், அதில்தானே பஸ் ஓடுகிறது என்று ஒருவரிடம் சொன்னேன். "அதுக்கில்லக்கா" என்றார். அதற்குமேல் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு பெரியவர் மட்டும் எல்லாவற்றுக்கும் "கொஞ்சமும் திருப்தி இல்லை" என்று அடிக்கச் சொன்னார். காரணம், "எல்லா சீட்லயும் பொம்பளைங்க உக்காந்துக்கறாங்க." என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

பிரைவேட்டா, கவர்மெண்டா என்று கேட்டால் எங்கள் ஊரில் பட்டிமன்றமே நடத்தலாம். என் கட்சி நாளுக்கு நாள் மாறும். பிரைவேட் வண்டி சீக்கிரம் போகும், பாட்டு ஓடும், கை காட்டிய இடத்தில் நிற்கும். அதே வண்டி சத்திரத்திலிருந்து நகர மனசே இல்லாமல் உறுமிக்கொண்டே நிற்கும். கண்டக்டர் கீழே இறங்கி "திருவானக்கோயில், சீரங்கம், சீரங்கம்" என்று கூவிக்கொண்டிருப்பார். ஏன் என்று சம்பளக் கணக்கு எழுதுகிற எனக்குப் புரியும். கலெக்‌ஷனைப் பொறுத்துப் படி கிடைக்கிற இடத்தில் யார்தான் காலி சீட்டோடு வண்டி எடுப்பார்கள்? ஒவ்வொரு வண்டிக்கும் பர்மிட்டில் நிமிடக் கணக்கில் நேரம் உண்டு. முன்னால் போகிறவன் இரண்டு நிமிடம் தாமதித்தால் பின்னால் வருகிறவனுடைய பயணிகள் அவன் வண்டியில் ஏறிவிடுவார்கள். அதனால் ஸ்டாண்டில் இழுப்பு, ரோட்டில் பறப்பு. பாலத்தில் இரண்டு வண்டி ஒன்றையொன்று முந்தும்போது காவிரித்தாயே என்று கண்ணை மூடிக்கொள்வேன்.

கவர்மெண்டு டிரைவருக்கு அந்தப் போட்டி இல்லை. அதுதான் நல்லது, அதுதான் கெட்டதும். நிதானமாகப் போவார். சமயத்தில் நிதானமாக ஸ்டாப்பைத் தாண்டியும் போவார்.

நான் விழுந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் இருக்கும். எந்த வண்டி, யாருடையது என்பதெல்லாம் வேண்டாம். மழை தூறிக்கொண்டிருந்தது. இறங்குகிறேன், ஒரு கால் தரையில், ஒரு கால் படியில், விசில் அடித்துவிட்டார்கள். டிபன் பாக்ஸ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்காலில் தோல் போயிற்று, சேலை கிழிந்தது. அதைவிட எனக்கு வலித்தது, கண்டக்டர் எட்டிப் பார்த்துச் சொன்ன வார்த்தை. "பாத்து இறங்கக் கூடாதாம்மா?" மறுநாள் காலை அதே நேரத்துக்கு அதே ஸ்டாப்பில் நின்றேன். வேறு என்ன செய்வது? அன்றைக்கு யாராவது இந்தத் தாளை நீட்டி "பாதுகாப்பு" என்ற கேள்விக்கு எந்தக் கட்டம் என்று கேட்டிருந்தால், பரவாயில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். கால் உடையவில்லையே.

இந்தப் படிக்கட்டைப் பற்றியே தனிப் பதிவு எழுதலாம். லாரிக்குப் போடுகிற மாதிரியான சட்டத்தின்மேல் கூடு கட்டிய வண்டிகள் இவை. உள்ளே நிற்கும் தளம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல். நகரப் பேருந்து என்றால் தாழ்தள வண்டிக்கு 40 சென்டிமீட்டர், அரைத் தாழ்தள வண்டிக்கு 65 சென்டிமீட்டர் என்று மத்திய அரசு வகுத்த அளவே இருக்கிறதாம், பையன் சொன்னான். என் மாமியாருக்கு மூட்டுவலி. முதல் படியில் கால் வைக்க நான் பின்னாலிருந்து தள்ள வேண்டும், யாராவது முன்னாலிருந்து இழுக்க வேண்டும். சமயபுரம் போக ஆசைப்பட்டு ஒரு தடவை அப்படி ஏறினார். ஏறினது போதும்டி, மகமாயி என்னை வீட்டிலேயே பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவர் பஸ் பயணி இல்லை. ஆகவே அவருடைய திருப்தியும் கணக்கில் வராது.

இதை இங்கேயே குறித்து வையுங்கள், பின்னால் வருகிறேன்.

டீ குடிக்கும்போது பையன் தன் போனில் ஒரு அட்டவணையைக் காட்டினான். 2009ல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் நகரப் போக்குவரத்துக்கு வகுத்த தர அளவுகோல். நாலு நிலை. ஸ்டாப்பில் சராசரிக் காத்திருப்பு 4 நிமிடத்துக்குள் இருந்தால் முதல் தரம். 4 முதல் 6 வரை இரண்டாம் தரம், 6 முதல் 10 வரை மூன்றாம் தரம். 10 நிமிடத்தைத் தாண்டினால் கடைசித் தரம், அதற்குக் கீழே தரமே இல்லை.

"நாலு நிமிஷமா?" என்றேன். டீ மாஸ்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

நாலு நிமிடத்தில் நான் ஸ்டாப்பில் பையைக் கீழே வைத்து, கர்ச்சீப் எடுத்து, யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து முடிப்பதற்கே சரியாக இருக்கும். நெரிசலுக்கும் அதில் அளவு உண்டு. ஒரு சீட்டுக்கு ஒன்றரை ஆள் வரைக்கும் முதல் தரமாம், இரண்டரையைத் தாண்டினால் கடைசி. அரை ஆள் எங்கே நிற்பார் என்று கேட்டேன். "சராசரி அத்தை" என்றான்.

சராசரியில்தான் எனக்குச் சண்டை. நான் கணக்குப்பிள்ளை, சராசரி எப்படி ஏமாற்றும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். அவன் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். ஒரு மணி நேரத்துக்கு நாலு பஸ் என்று வை. சரியாக 15 நிமிடத்துக்கு ஒன்று வந்தால், நேரம் பார்க்காமல் ஸ்டாப்புக்குப் போகிற ஆள் சராசரியாக ஏழரை நிமிடம் நிற்பார். அதே நாலு பஸ் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு அரை மணிக்கு ஒரு தடவை வந்தால்? பதினைந்து நிமிடம். பஸ் குறையவில்லை, டீசல் குறையவில்லை, டிரைவர் சம்பளம் குறையவில்லை. நிற்கிற நேரம் மட்டும் இரட்டிப்பு.

அப்படித்தான் வருகிறது. வராவிட்டால் ஒன்றும் வராது, வந்தால் மூன்று சேர்ந்து வரும். ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் இதை டிரைவர்களின் கூட்டுச்சதி என்றே நம்புகிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். பையன்தான் விளக்கினான். முன் வண்டி மாம்பழச்சாலையில் மூன்று நிமிடம் மாட்டிக்கொண்டால், அந்த மூன்று நிமிடத்தில் அடுத்த ஸ்டாப்பில் ஆள் சேர்ந்துவிடுகிறது. அவர்களை ஏற்ற இன்னும் தாமதம். அதற்கடுத்த ஸ்டாப்பில் இன்னும் கூட்டம், இன்னும் தாமதம். பின்னால் வருகிற வண்டிக்கு ஏற்ற ஆளே இல்லை, சரசரவென்று வந்து முன்வண்டியின் முதுகைத் தொட்டுவிடுகிறது. யாரும் வேண்டும் என்று செய்யவில்லை. சும்மா விட்டால் தானாக இப்படி ஆகிவிடும். ஆகாமல் பார்க்க யாராவது நடுவில் நின்று பின்வண்டியைக் கொஞ்சம் பிடித்து வைத்து அனுப்ப வேண்டும்.

அதே தாளில் இன்னொரு கணக்கும் போட்டேன். ஐம்பது சீட் வண்டி இரண்டு ஒட்டிக்கொண்டு வருகிறது. முதலாவதில் எண்பது பேர், இரண்டாவதில் இருபது பேர். சராசரி ஐம்பது, ஆளுக்கு ஒரு சீட், அளவுகோல்படி முதல் தரம். ஆனால் அந்த நூறு பேரைக் கேட்டால் எண்பது பேர் நெரிசலில் வந்ததாகத்தான் சொல்வார்கள். காலி சீட்டைப் பார்த்தது இருபது பேர்தான். ஆபீசில் இருப்பவர் பஸ்ஸை எண்ணுகிறார், பஸ்ஸில் இருப்பவள் இடிபடுகிறாள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

காத்திருக்கும் ஒரு நிமிடம் ஓடுகிற வண்டியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு நிமிடத்துக்குச் சமம் என்று வைத்துக் கணக்குப் போடுவது போக்குவரத்துப் படிப்பில் வழக்கமாம். இரண்டு என்பது பகலுக்குச் சரி. ராத்திரி ஒன்பதரைக்கு ஸ்டாப்பில் தனியாக நின்று பார்க்க வேண்டும். தீபாவளிக்கு முன்னால் கடையில் வியாபாரம் முடிய ஒன்பதாகிவிடும். அப்புறம் கல்லாக் கணக்கு. வெளியே வந்தால் கடைசி பஸ் போய்விட்டதா, இனிமேல்தான் வருமா என்பது யாருக்கும் தெரியாது. அங்கே இருக்கிற பொரிகடலை வண்டிக்காரரைத்தான் கேட்பேன். அவர் வானத்தைப் பார்த்து மழை சொல்கிற மாதிரி ரோட்டைப் பார்த்துச் சொல்வார். "ஒண்ணு வரணும்மா. நேத்து வந்துச்சு." அந்த "வரணும்" என்ற வார்த்தையை நம்பி இருபது நிமிடம் நின்றிருக்கிறேன். போய்விட்டது என்று தெரிந்தால்கூட நிம்மதி, ஷேர் ஆட்டோவைப் பார்க்கலாம். தெரியாமல் நிற்பதுதான் பாடு.

பஞ்சப்பூரையும் விட்டுவிட முடியாது. 2025 மே மாதம் முதலமைச்சர் அங்கே புது பஸ் முனையத்தைத் திறந்து வைத்தார், ஜூலையில் வெளியூர் வண்டிகள் எல்லாம் மத்திய பஸ் ஸ்டாண்டிலிருந்து அங்கே போய்விட்டன. முனையம் விசாலம், சுத்தம், குறை சொல்ல மாட்டேன். மதுரை ரோட்டில் ஊருக்கு வெளியே இருப்பதால் நகரத்துக்குள் பெரிய வண்டிகள் வருவதும் குறைந்திருக்கிறது. ஆனால் மதுரையிலிருந்து என் தங்கை வரும்போது இரண்டரை மணி நேரத்தில் பஞ்சப்பூர் வந்துவிடுகிறாள், அங்கிருந்து இரண்டு பையோடு டவுன் பஸ் பிடித்துத் திருவானைக்கோயில் வந்துசேர ஒன்றேகால் மணி. நூற்று முப்பது கிலோமீட்டர் தாண்டி வந்தவளுக்கு ஊருக்குள் வந்த பிறகுதான் பயணம் செய்த களைப்பு. எவ்வளவு பெரிய பஸ் ஸ்டாண்டு கட்டினாலும், அதிலிருந்து வீட்டு வாசலுக்கு வருகிற டவுன் பஸ்ஸை வைத்துத்தான் வீட்டில் உள்ளவர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

நான் ஏதோ பஸ் விரோதி என்று நினைத்துவிடாதீர்கள். காலை எட்டு மணி வாக்கில் எங்கள் ஸ்டாப்பிலிருந்து கிளம்பும் கூட்டம் ஒரு குடும்பம் மாதிரி. நர்ஸ் ஒருத்தி, கோர்ட்டு குமாஸ்தா ஒருவர், ஹோலிகிராஸ் காலேஜ் பிள்ளைகள் நாலைந்து பேர். யாராவது இரண்டு நாள் வராவிட்டால் விசாரிப்போம். முன்பு ஒரு கண்டக்டர் இருந்தார். ஓடி வருகிற ஆளைக் கண்ணாடியில் பார்த்தால் விசில் அடிக்க மாட்டார். "வரட்டும்யா, சம்பளம் புடிச்சிருவாங்க" என்பார் டிரைவரிடம். பத்து செகண்டு. அந்தப் பத்து செகண்டுக்காக அவர் ரிட்டயர் ஆன அன்றைக்கு நாங்கள் சேர்ந்து ஒரு சால்வை வாங்கிப் போட்டோம். பாலத்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால், ஆற்றில் தண்ணீர் போகும் நாளில் மலைக்கோட்டை மொத்தமும் தெரியும். பத்தொன்பது வருடம் பார்த்தாலும் தலை தானாகத் திரும்புகிறது. தாளில் இதற்கெல்லாம் கேள்வி இல்லை, நல்லதைக்கூட அவர்கள் சரியாகக் கேட்கவில்லை.

சரி, மாமியார் விஷயத்துக்கு வருகிறேன்.

2022 செப்டம்பரில் காவிரிப் பாலத்தைப் பராமரிப்புக்கு என்று மூடினார்கள். அடுத்த வருடம் மார்ச்சில்தான் திறந்தது. பஸ் எல்லாம் நெடுஞ்சாலைப் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போயிற்று. இருபது நிமிடப் பயணம் முக்கால் மணிக்கு நீண்டது. ஆரம்பத்தில் சில வாரம் டூவீலரை மட்டும் பாலத்தில் விட்டார்கள். என்னோடு கடையில் பில் போடுகிற சிநேகிதி ஒருத்தி, என்னைவிட இரண்டு வருடம் சீனியர் பஸ் பயணி, அந்தச் சமயத்தில்தான் தவணையில் ஸ்கூட்டர் எடுத்தாள். நாற்பத்தி நாலு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பாலம் திறந்தது. அவள் பஸ்ஸுக்குத் திரும்பவில்லை. மாதம் மூவாயிரத்துச் சொச்சம் தவணை, பெட்ரோல் தனி. இலவசமாகப் போகக்கூடிய தூரத்துக்கு இவ்வளவு செலவழிக்கிறாயே என்று கேட்டேன். "எட்டே முக்காலுக்குக் கிளம்பினா ஒன்பதுக்குக் கடை. அது போதும்" என்றாள்.

திருப்தி இல்லை என்று ஒருத்தி இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் அவளிடம் யாரும் தாளை நீட்டப் போவதில்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்களை மட்டும் கேட்டால், பஸ் பிடிக்காமல் போனவர்கள் எப்படி அகப்படுவார்கள்? வண்டி வாங்க முடிந்தவர்கள் போய்விட்டார்கள், ஏற முடியாத மாமியார் வீட்டில் இருக்கிறார். மிச்சம் இருப்பது போக வழியில்லாதவர்களும், "வந்துரும்ல" என்று பழகிக்கொண்டவர்களும், என்னைப் போல ஜன்னலுக்கு ஆசைப்படுகிறவர்களும்தான். நாங்கள் திருப்தி என்றுதான் சொல்வோம்.

"வா, டூவீலர் ஸ்டாண்டுக்குப் போய் அங்கே நிறுத்த வருகிறவர்களிடம் இரண்டு கேள்வி கேட்கலாம்" என்று பையனை இழுத்தேன். ஏன் பஸ்ஸை விட்டீர்கள், எது மாறினால் திரும்புவீர்கள். அவன் வரவில்லை. சாம்பிள் பஸ் பயணிகள் மட்டும்தான் என்று கைடு எழுதிக் கொடுத்திருக்கிறாராம். மாற்றினால் மறுபடி கையெழுத்து வாங்க வேண்டுமாம். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்கு மார்க் வேண்டும்.

ஏழரை மணிக்கு முடித்தோம். கடைசியாக ஒரு தாள் மிச்சம் இருந்தது. "நீங்களும் பயணிதானே அத்தை, நீங்களே போட்டுடுங்க" என்றான். ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். விழுந்த கதை, பொரிகடலைக்காரர், மாமியாரின் முழங்கால் எல்லாம் மனசில் இருக்க, கை என்னவோ நடுக் கட்டத்தையே தேடிப் போயிற்று. பரவாயில்லை, பரவாயில்லை, பரவாயில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. சுத்தத்துக்கு மட்டும் திருப்தி என்று போட்டேன், அன்றைக்குக் காலையில் வந்த வண்டியைக் கழுவியிருந்தார்கள்.

பதினெட்டாவது கேள்வி, "வேறு ஏதேனும் ஆலோசனை". ஒன்றரை வரி இடம் விட்டிருந்தார்கள். "ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பெரிய எழுத்தில் எழுதிப் போடவும்" என்று எழுதிக் கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்துவிட்டுப் பேனாவால் காதைச் சொறிந்தான். "ஒண்ணிலேருந்து அஞ்சுக்குள்ள நம்பர் போட்டாத்தான் எக்செல்ல ஏறும் அத்தை. இது வார்த்தையா இருக்கே."

"அப்ப என்ன பண்ணுவே?"

"மற்றவைன்னு ஒரு தனிக் கட்டம் வெச்சிருக்கேன், அதுல போட்டுக்கறேன்" என்றான். அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பஸ் வந்து நின்றன. வெள்ளை போர்டு நடுவில் இருந்தது. ஓடினோம்.